டிகிரி இல்லை, இருபது வருஷ அனுபவம் இருக்கிறது: ஆர்க்கிடெக்ட் ஆக முடியுமா? பெங்களூர் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், கம்மனஹள்ளி, எஜிபுரா என்று பெங்களூரில் எந்த ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்குள் நுழைந்தாலும் ஒரு தமிழ்க் குரல் கேட்கும். தர்மபுரி, திருவண்ணாமலை, வேலூர் பக்கத்திலிருந்து ஐடிஐ டிராஃப்ட்ஸ்மேன் படிப்போ பாலிடெக்னிக் டிப்ளமோவோ முடித்து வந்து, பதினைந்து இருபது வருஷமாக வரைந்துகொண்டிருப்பவர்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட். ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் டிகிரி இல்லாத ஒரு டிராஃப்ட்ஸ்மேன். ட்ரேசிங் ஷீட்டில் மை தவறிவிட்டால், பாதியாக உடைத்த சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்து, காகிதம் கிழியாமல் கோட்டை மட்டும் சுரண்டி எடுப்பார். படிக்கட்டு பாதியில் திரும்பும் மேடையை மிட் லேண்டிங் என்போம். நான் வரைந்த முதல் வீட்டு பிளானைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "மிட் லேண்டிங்குக்குக் கீழே டாய்லெட் கதவு வச்சிருக்கீங்க சார். தரையிலிருந்து லேண்டிங் அஞ்சடி, கதவு ஏழடி. உள்ள யார் போவாங்க?" ஐந்து வருஷக் கல்லூரியில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. அவருக்குக் கடைசிவரை பதிவு எண் கிடையாது. இதை எழுத அவர்தான் காரணம்.

இருபது வருஷ அனுபவத்தை வைத்து ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?

முடியாது. சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் அமைப்பு இந்தக் கவுன்சில்தான், இன்றைய தேதிக்கு அனுபவத்தை மட்டும் பார்த்து ஒருவரை ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்யும் வழி இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. ஆர்க்கிடெக்ட்கள் சட்டம் 1972இல் வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. முதல் பதிவேட்டைத் தயாரிக்கும்போது, அங்கீகரிக்கப்பட்ட படிப்பு இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட தேதிக்கு முன் ஐந்து வருஷமாவது ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்துவந்த இந்தியக் குடிமகனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 25ஆம் பிரிவில் இடம் வைத்தார்கள். சட்டம் வருமுன்பே தொழிலில் இருந்தவர்களின் பிழைப்பில் மண் விழக்கூடாது என்பது நோக்கம். அந்தப் பதிவேடு முடிந்ததும் கதவும் மூடியது. அதன்பின் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் படிப்பு இருந்தால்தான் பதிவு. "எங்க மாமா டிகிரி இல்லாமலே ரிஜிஸ்டர் ஆனாரே" என்று சிலர் சொல்வதுண்டு. பொய்யில்லை, அந்த மாமா பெரும்பாலும் எழுபதுகளின் முதல் பதிவேட்டில் வந்தவராக இருப்பார்.

அப்படியானால் நான் இத்தனை வருஷம் வீடு டிசைன் செய்தது சட்டவிரோதமா?

இல்லை. இந்தப் பயத்தோடு பலர் இருக்கிறார்கள், தேவையே இல்லை. சட்டத்தின் 37ஆம் பிரிவு 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயரைத்தான் பாதுகாக்கிறது. டிசைன் செய்யும் வேலையையே அந்தப் பிரிவு தடுக்கிறதா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போனது. நொய்டா ஆணையம், பதிவு பெறாதவர்களும் வரக்கூடிய ஒரு பதவிக்கு 'அசோசியேட் ஆர்க்கிடெக்ட்' என்று பெயர் வைத்ததை எதிர்த்து நடந்த வழக்கு அது. 2020 மார்ச் 17 அன்று தீர்ப்பு வந்தது. பதிவு பெறாதவர் டிசைன் வேலை செய்வதை 37ஆம் பிரிவு தடுக்கவில்லை, அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதைத்தான் தடுக்கிறது என்றது கோர்ட். கூடவே, அந்தப் பதவிக்கு அந்தப் பெயரைப் பதிவு இல்லாதவர்களுக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னது.

இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "இனி நாமும் ஆர்க்கிடெக்ட்தான்" என்று கொண்டாடியவர்களைப் பார்த்தேன். தீர்ப்பு சொன்னது அது அல்ல. வேலை உங்களுடையது, பெயர் உங்களுடையது அல்ல. அதோடு, மாநகராட்சியில் பிளான் சமர்ப்பிக்க யாருக்குத் தகுதி என்பது உள்ளூர் விதி. அது தனிக் கணக்கு.

விசிட்டிங் கார்டிலும் போர்டிலும் என்ன போடலாம்?

'பில்டிங் டிசைனர்', 'இன்டீரியர் டிசைனர்', 'டிராஃப்ட்ஸ்மேன்', 'பிம் மாடலர்' (கணினியில் கட்டடத்தின் முப்பரிமாண மாதிரி செய்பவர்) எதுவானாலும் தைரியமாகப் போடுங்கள். 'ஆர்க்கிடெக்ட்' வேண்டாம். பெயருக்கு முன்னால் 'ஆர்.' என்று இரண்டெழுத்து போடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது, அதுவும் வேண்டாம். பதிவேட்டில் பெயர் இருப்பதாக நினைக்க வைக்கும் சொல்லோ எழுத்தோ சேர்த்தாலே 36ஆம் பிரிவில் குற்றம். 'ஆர்க்கிடெக்சுரல் டிசைனர்' என்று போடலாமா என்றால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். அந்த முதல் பாதிக்காக நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தால் வக்கீல் செலவு உங்களுடையது. தமிழ் போர்டில் 'கட்டடக் கலைஞர்' என்று எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மொழி மாறினாலும் பார்ப்பவர் மனதில் விழும் அர்த்தம் ஒன்றுதான்.

1972 சட்டம் எழுதிய அபராதம் சின்னது, பட்டப்பெயரைத் தவறாகப் போட்டால் முதல் முறைக்கு 500 ரூபாய் வரை. ஆனால் மறுபடி மாட்டினால் ஆறு மாதம் வரை சிறை என்றும் அதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், பணம் தர மனமில்லாத ஒரு கிளையன்ட் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மேல் புகார் எழுதுவதுதான்.

'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்', கப்பல் வடிவமைக்கும் 'நேவல் ஆர்க்கிடெக்ட்' இரண்டுக்கும் சட்டத்திலேயே விலக்கு உண்டு. நம் ஊர் ஸ்தபதிகளும் இந்தச் சொல்லைத் தேடிப் போனதில்லை. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதிக்கு ஸ்தபதி என்ற பெயரே போதுமானதாக இருந்தது.

மூன்று மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நான் நன்றாக அறிந்த ஒருவர், சிவாஜிநகரில் வாடகை வீட்டில் இருப்பவர், மனைவியின் வளையலை அடகு வைத்து இப்படி ஒன்றை வாங்கினார். தடித்த காகிதம், தங்க நிற ஸ்டிக்கர், ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பட்டம். கண்ணாடி போட்டு ஃப்ரேம் செய்து எடுத்துவந்து காட்டினார். அதில் என்ன இல்லை என்று தேடினேன். கவுன்சில் பதிவு எண் இல்லை. உண்மையான பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கி, சாய்கோடு, பதிவான வருஷம், மறுபடி சாய்கோடு, அப்புறம் வரிசை எண் என்று போகும். கவுன்சிலின் இணையதளத்தில் யாருடைய பெயரையும் தேடிப் பார்க்கலாம். தேடினோம், இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் அந்த ஃப்ரேமை மறுபடி பையில் வைத்த காட்சி மனதைவிட்டுப் போகவில்லை.

மூன்று வகையாக வருவார்கள். அஞ்சல் வழி பிஆர்க் என்பார்கள். ஆர்க்கிடெக்சர் டிகிரியான பிஆர்க் ஐந்து வருஷ முழுநேரப் படிப்பு, அஞ்சல் வழியில் படித்ததைக் கவுன்சில் ஏற்காது. இன்னொரு கூட்டம், வெளிநாட்டு சங்க உறுப்பினர் பட்டம் என்று சொல்லி விற்கும். உண்மையான சங்கமாகவே இருந்தாலும் உறுப்பினர் அட்டை பதிவு ஆகாது. மூன்றாவது, அரசின் திறன் சான்றிதழையே பட்டம்போலப் பேசி விற்பது. அனுபவத்தால் கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்று தரும் ஆர்பிஎல் திட்டம் நிஜமானது, நல்லதும்கூட. டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கோ வெளிநாட்டு வேலை விண்ணப்பத்துக்கோ அது உதவலாம். ஆனால் அதை வைத்து ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது.

எனக்கு 36 வயது. இனிமேல் போய் பிஆர்க் படிக்க முடியுமா?

சட்டப்படி முடியும். 12ஆம் வகுப்பில் கணிதம், இயற்பியல் எடுத்துப் படித்திருக்க வேண்டும், அல்லது பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணிதம் உள்ள மூன்று வருஷ டிப்ளமோ இருக்க வேண்டும். அப்புறம் நாட்டா என்ற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வோ ஜேஇஇயின் ஆர்க்கிடெக்சர் தாளோ எழுத வேண்டும். ஐடிஐ மட்டும் முடித்தவர்கள் என்ஐஓஎஸ் என்ற திறந்தநிலைப் பள்ளி வழியாக 12ஆம் வகுப்பை எழுதிவிட்டு வரலாம்.

கசப்பான விஷயம் இதுதான்: பொறியியலில் டிப்ளமோ முடித்தவர் நேரே இரண்டாம் வருஷம் சேர்வதுபோல பிஆர்க்கில் சேர முடியாது. பதினெட்டு வருஷம் கட்டடம் கட்டியவரும் முதல் வருஷ வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பென்சிலால் கோடு போட வேண்டும். சேருமுன் அந்தக் கல்லூரிக்கு அந்த வருஷம் கவுன்சில் அனுமதி இருக்கிறதா என்று கவுன்சிலின் பட்டியலிலேயே பாருங்கள். ஆர்க்கிடெக்சர் படிப்பில் தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கவனிக்கும் ஏஐசிடிஇ அல்ல, கவுன்சில் சொல்வதே செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 2019இல் தீர்த்துவிட்டது.

வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் இருக்கும்போது ஐந்து வருஷம் சம்பளம் இல்லாமல் இருப்பது எளிதல்ல. அதை மறைக்கமாட்டேன். ஆனால் வயது மட்டும்தான் தயக்கம் என்றால் இலங்கையின் ஜெஃப்ரி பாவாவை நினைத்துக்கொள்ளுங்கள். வக்கீலாக இருந்தவர், லண்டனில் படித்து 1957இல் ஆர்க்கிடெக்டாகத் தகுதி பெற்றபோது அவருக்கு 38 வயது. மதுரை கிளப் கட்டடம் அவர் டிசைன் செய்ததுதான்.

சிவில் டிப்ளமோ இருக்கிறது. வேறு நேர்மையான வழி என்ன?

என்னைக் கேட்டால் பலருக்கு இதுதான் பொருத்தமான வழி. பிளான் சமர்ப்பிக்க ஆர்க்கிடெக்ட் மட்டும்தான் என்பது தப்பான எண்ணம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஆர்க்கிடெக்ட், இன்ஜினியரோடு 'சூப்பர்வைசர்' என்ற நிலையையும் வைத்திருக்கிறது. சிவில் டிப்ளமோ அல்லது ஆர்க்கிடெக்சர் அசிஸ்டன்ட்ஷிப் படிப்போடு இரண்டு வருஷ அனுபவம் உள்ளவர் சின்னக் கட்டடங்களுக்கு அந்த நிலையில் வரலாம் என்பது அதன் அடிப்படை. இதை எந்த அளவுக்கு ஏற்பது என்பதை அந்தந்த ஊர் அமைப்பு முடிவு செய்யும். பெங்களூரில் பழைய மாநகராட்சியான பிபிஎம்பி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்துவிட்டது. அதனால் உங்கள் பகுதி மாநகராட்சியின் நகரத் திட்டப் பிரிவுக்கு நேரில் போய், லைசென்ஸ் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

இன்னும் மேலே போக நினைத்தால் சிவில் பிஇ. டிப்ளமோ இருந்தால் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். வேலை பார்ப்பவர்களுக்கென்று வசதியான நேரத்தில் வகுப்பு வைக்க ஏஐசிடிஇ கல்லூரிகளை அனுமதிக்கிறது. அதை முடித்தால் இன்ஜினியராக லைசென்ஸ் கேட்கலாம். கல்லூரிக்குப் போகாமல் நம்மவர்கள் நிறைய எழுதிய, இன்ஜினியர்கள் சங்கத்தின் ஏஎம்ஐஇ தேர்வு பற்றி ஒரு எச்சரிக்கை: 2013 மே 31 வரை பெயர் பதிந்தவர்களுக்குத்தான் அது பிஇக்குச் சமம் என்ற அங்கீகாரம். இப்போது சேரச் சொல்பவரிடம் இதைக் கேளுங்கள்.

ஒரு ஆர்க்கிடெக்டிடம் பணம் கொடுத்து சீலும் கையெழுத்தும் வாங்குகிறோம். எல்லோரும் செய்வதுதானே?

நிறையப் பேர் செய்கிறார்கள், தெரியும். தர்ட்டி ஃபார்ட்டி (முப்பதுக்கு நாற்பது அடி) சைட்டில் வீடு, பிளான் நீங்கள் வரைந்தது, சைட்டுக்கே வராத ஒருவர் சீல் குத்துகிறார். பிளானையே ஒருமுறை விரித்துப் பார்க்காமல் கையெழுத்திடுபவரும் உண்டு. நாளைக்கு அந்த வீட்டில் ஒரு பால்கனி இறங்கினால் அவர் "நான் பார்க்கவே இல்லை" என்பார், நீங்கள் "எனக்குப் பொறுப்பு இல்லை" என்பீர்கள். குடியிருப்பவர் யாரிடம் போவார்? ஆர்க்கிடெக்டுக்கு இது தொழில் ஒழுக்க மீறல், பதிவே போகலாம்.

அதையே நேர்வழியில் செய்யலாம். ஒரு ஆர்க்கிடெக்டோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். டிசைனை அவர் உட்கார்ந்து பார்க்கட்டும், திருத்தட்டும், முக்கியமான கான்கிரீட் நாட்களில் சைட்டுக்கு வரட்டும். அதற்குக் கூலி கொடுங்கள். அப்போது அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

வெளிநாட்டில் அனுபவத்தை ஏற்கிறார்களாமே? நான் பெங்களூரில் இருந்தே அமெரிக்க ஆபீஸுக்கு ரெவிட் என்ற மென்பொருளில் வரைகிறேன்.

ஏற்கிறார்கள், ஆனால் கணக்குப் பார்த்து ஏற்கிறார்கள். அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுப்பது ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக. எல்லா மாநில வாரியங்களும் சேர்ந்த பொது அமைப்பு என்கார்ப், 1919இல் தொடங்கியது. பல மாநிலங்கள் அங்கீகாரம் பெற்ற டிகிரியைக் கட்டாயம் கேட்கும். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில, படிப்புக்குப் பதிலாக அனுபவ வருஷங்களையும் எடுத்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் படிப்பும் பயிற்சியும் சேர்த்து எட்டு வருஷக் கணக்கு.

பெரும்பாலும் ஏஎக்ஸ்பி என்ற அனுபவப் பதிவு உண்டு. மொத்தம் 3,740 மணி நேரம், ஆறு பிரிவு. ஆபீஸ் நிர்வாகத்துக்கு 160 மணி, வேலை வரைபடங்களும் விவரங்களும் தயாரிப்பதற்கு 1,520 மணி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவருக்கு அந்த 1,520 கைவந்த கலை. கிளையன்ட் பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் போன்றவற்றில்தான் பலருக்கு நேரம் போதாது. குறைந்தது 1,860 மணி நேரமாவது அமெரிக்க அல்லது கனடா லைசென்ஸ் உள்ள ஆர்க்கிடெக்டின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். பெங்களூர் அவுட்சோர்சிங் கம்பெனியில் லைசென்ஸ் இல்லாத மேனேஜரின் கீழ் வரைந்த மணிகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்புறம் ஆறு பகுதியுள்ள ஏஆர்ஈ தேர்வு.

என்கார்ப் சான்றிதழ் என்பது இதற்கும் அடுத்த படி. ஒரு மாநில லைசென்ஸை வைத்து மற்ற மாநிலங்களில் எளிதாக லைசென்ஸ் வாங்க அது உதவும். அங்கீகாரம் பெற்ற டிகிரி இல்லாதவர் மூன்று வருஷம் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லாமல் லைசென்ஸோடு தொழில் செய்திருந்தால் கேட்கலாம். ஆர்க்கிடெக்சர் சார்ந்த நான்கு வருஷ டிகிரி உள்ளவர் ஏஎக்ஸ்பி மணிகளைப் போல இரண்டு மடங்கு, அதாவது 7,480 மணி காட்டினால் போதும். மற்றவர்கள் தாங்கள் செய்த வேலைகளைக் கொண்டே, படிப்பில் விட்டுப்போன ஒவ்வொரு பாடத்தையும் தொழிலில் கற்றுக்கொண்டதாகக் காட்டும் போர்ட்ஃபோலியோ கொடுக்க வேண்டும்.

அந்தப் போர்ட்ஃபோலியோ முறை எனக்கு மிகவும் பிடிக்கும். "உனக்குக் கட்டமைப்பு தெரியுமா? நீ கட்டியதில் காட்டு" என்கிறது. தேர்வையும் விடவில்லை, அனுபவத்தையும் தள்ளவில்லை. நம் நாட்டிலும் இப்படி ஒரு தராசு வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். ஐந்து வருஷத் தொழிலை 1972இல் மதித்த சட்டம், கடுமையான தேர்வோடு இருபது வருஷத் தொழிலை இன்று மதிக்க முடியாதா? ஆர்க்கிடெக்ட் நண்பர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை, தரம் குறைந்துவிடும் என்கிறார்கள். அந்த லேண்டிங் டாய்லெட்டை வரைந்தது டிகிரி உள்ள நான்தான் என்று அவர்களிடம் சொல்வேன்.

ஒன்று மறக்கவேண்டாம். அமெரிக்க லைசென்ஸ் வாங்கினாலும் அதை வைத்து இங்கே ஆர்க்கிடெக்ட் என்று போட முடியாது. வெளிநாட்டில் தொழில் செய்பவர் குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்காக மத்திய அரசின் முன் அனுமதியோடு வரலாம், அவ்வளவுதான்.

எந்த வழியில் போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

இன்று ராத்திரி ஒரு நோட்டு எடுங்கள். இதுவரை வேலை செய்த கட்டடங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: வருஷம், இடம், சதுர அடி, எந்த ஆர்க்கிடெக்டின் கீழ், அதில் உங்கள் கை எது. 'டிசைனில் உதவினேன்' என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது. 'படிக்கட்டு, டாய்லெட் விவரங்கள் முழுவதும் நான் வரைந்தேன், கம்பி கட்டும்போது நான்கு முறை சைட்டில் சரிபார்த்தேன்' என்று எழுதுங்கள். ஆபீஸ் மாறும்போது சம்பளச் சான்றோடு நிற்காமல், செய்த வேலையைக் குறிப்பிட்டுக் கடிதம் கேளுங்கள். உயிரோடு இருக்கும் பழைய முதலாளிகளிடம் இப்போதே போய் வாங்குங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பதினோரு வருஷம் வேலை பார்த்த ஆர்க்கிடெக்ட் ஒரு நாள் திடீரென்று காலமானார். ஆபீஸைக் காலி செய்தபோது வரைபடங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அந்தப் பதினோரு வருஷத்துக்கு அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஷீட்டின் வலது கீழ் மூலையில் இருக்கும் டைட்டில் பிளாக்கில் 'வரைந்தவர்' கட்டத்தை வெறும் இனிஷியலோடு விடாதீர்கள். முழுப் பெயர் எழுத அனுமதி கேளுங்கள். நல்ல ஆர்க்கிடெக்ட் மறுக்கமாட்டார். வரைபடம் கம்பெனியின் சொத்து என்பதால் நகல் எடுக்குமுன் எழுத்தில் அனுமதி வாங்குவதும் அவசியம்.

என் மகள் பிஆர்க் கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் பதிவு பெற்றதும் இருவரும் சேர்ந்து ஆபீஸ் தொடங்கலாமா?

தாராளமாக. ஆனால் பெயரில் கவனம் வேண்டும். 'ஆர்க்கிடெக்ட்ஸ்' என்று பெயர் வைக்கும் பங்குதாரர் நிறுவனத்தில் எல்லாப் பங்குதாரர்களும் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். நீங்களும் பங்குதாரர் என்றால் அந்தச் சொல் இல்லாத பெயராக வையுங்கள். அந்தச் சொல் வேண்டும் என்றால் நிறுவனம் அவள் பெயரில் இருக்கட்டும், நீங்கள் அதில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். அவள் சீல் அவள் கையில்தான் இருக்க வேண்டும், அப்பா என்பதற்காக உங்கள் மேஜை டிராயரில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஷீட்டில் 'ஆர்க்கிடெக்ட்' கட்டத்தில் அவள் பெயரும் எண்ணும், 'வரைந்தவர்' கட்டத்தில் உங்கள் முழுப் பெயர். முதல் பிளானில் மிட் லேண்டிங்குக்குக் கீழே என்ன வைத்திருக்கிறாள் என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.